கல்மண்டப அருங்காட்சியகத்தில் மைக் இல்லாக் கச்சேரி: கெல்வின்குரோவ் வழி நமக்கு ஒத்துவருமா?

கோமதி_சபா
கிளாஸ்கோ கெல்வின்குரோவ் அருங்காட்சியகத்தின் நடுமண்டபத்தில் தினமும் ஆர்கன் வாசிக்கிறார்கள். உள்ளே நுழைந்தவர்கள் அப்படியே நின்று கேட்கிறார்கள், மைக் கிடையாது, மேடை கிடையாது. அதே காலத்து இன்னொரு அருங்காட்சியகத்தில், அதே ஜாடையில் இருக்கும் நடுமண்டபத்தை எங்கள் குழுவுக்கு ஒரு மாலை தரச் சம்மதித்திருக்கிறார்கள். 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், வளைகூரை உச்சி 14 மீட்டர். கல்தரை, கல்சுவர், இருபுறமும் வளைவுகள், வளைவுக்குப் பின்னால் காட்சிப்பெட்டிகள். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், தம்புரா. இரண்டரை மணி நேரம், 250 பேர். மைக் வேண்டாம் என்பது பாடகரின் விருப்பம். எதையெல்லாம் முன்கூட்டிப் பார்க்க வேண்டும்?

பழங்கட்டடம்
கெல்வின்குரோவை முன்மாதிரியாக வைப்பதற்கு முன் அதன் கதையைப் பாருங்கள். 1901இல் கிளாஸ்கோவில் நடந்த சர்வதேசக் கண்காட்சியை ஒட்டித் திறந்த கட்டடம் அது. கட்டடக் கலைஞர்கள் சிம்ப்சனும் மில்னர் ஆலனும். ஆர்கனைச் செய்தது லூயிஸ் கம்பெனி. முதலில் கண்காட்சியின் தனிக் கச்சேரிக் கூடத்தில்தான் இருந்தது. கண்காட்சி முடிந்ததும் நகராட்சி அதை வாங்கி நடுமண்டபத்தில் நிறுத்தியது. 48 ஸ்டாப் (ஒரே குரல்வகைக் குழல்களைத் திறந்து மூடும் பிடி), 2,889 குழல்.

நமக்கு வேண்டிய விஷயம் இது: அந்த நடுமண்டபத்தைத் திட்டம் போடும்போதே இசை கேட்கும் இடமாகவும்தான் நினைத்தார்கள். அங்கே பிற்பாடு புகுந்த விருந்தாளி அல்ல இசை. ஆனால் எந்த இசை? காற்றில் ஓடும், விரல் எடுக்கும் வரை நீளும் ஓசை. வாசிப்பதும் வழக்கமாக அரைமணி நேரம்தான். கேட்பவர் நடந்துகொண்டும் கேட்கலாம். உங்கள் திட்டத்தில் இந்த மூன்றுமே இல்லை.

ஒலிக்கணக்கு
கோமதி அவர்களே, கணக்கைப் போட்டுவிடுவோம். பாதிக் கேள்வி அங்கேயே தீரும்.

வளைவைக் கண்டுகொள்ளாமல் பெட்டி மாதிரி எடுத்தால் கன அளவு 30 × 15 × 14 = 6,300 கன மீட்டர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்த்து 2,160 சதுர மீட்டர். கல், சுண்ணாம்புப் பூச்சு, கண்ணாடி, கதவு என்று சராசரியாக ஒலியில் 6 சதவீதத்தை உறிஞ்சுவதாக வைத்தால் மொத்த உறிஞ்சல் 130 சதுர மீட்டர், அதாவது படும் ஓசையை முழுக்க விழுங்கும் அத்தனை பரப்புக்குச் சமம். எதிர்முழக்க நேரம் = 0.161 × 6,300 ÷ 130 = 7.8 விநாடி. அதாவது ஓசை நின்றபின் 60 டெசிபல் இறங்க அவ்வளவு நேரமாகும். இது காலி மண்டபத்துக்கு.

உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஏறக்குறைய 0.45 சதுர மீட்டர் உறிஞ்சுவார். 250 பேர் வந்தால் 112 கூடும், நேரம் 4.2 விநாடியாக இறங்கும். சின்னக் குழு இசைக்கு ஒன்றரை விநாடி சுகம். நம் பாட்டுக்குச் சொல் தெளிவாக விழ 1.2 போதும் என்பேன். ஆக, இந்த மண்டபத்தை நல்ல சபா அரங்காக மாற்ற முடியாது. அந்த நப்பாசையை முதல் நாளே விட்டுவிடுங்கள்.

அடுத்த எண் இன்னும் முக்கியம். பாடகரிடமிருந்து எத்தனை மீட்டர் வரை நேர் ஓசை, மண்டப முழக்கத்தைவிடப் பலமாக இருக்கும்? 0.057 × √(திசைக்காரணி × கன அளவு ÷ எதிர்முழக்க நேரம்). திசைக்காரணி என்பது ஓசை முன்பக்கம் எவ்வளவு குவிந்து போகிறது என்பதன் அளவு. பாடும் குரலுக்கு அதை 2 என்று வைத்தால் 3.1 மீட்டர். அதைத் தாண்டினால் மண்டபம்தான் பாடும். அந்தத் தூரத்தைப்போல் மூன்று மடங்கு, அதாவது 9 மீட்டர் வரை ரசிக்கலாம். அதற்கு மேல் சாகித்யம், அதாவது பாட்டின் சொல், போய்விடும், ராகம் மட்டும் மிஞ்சும்.

வலந்தலை
மிருதங்கத்துக்கு இந்தக் கணக்கு என்ன செய்யும்னு சொல்லட்டுமா? நிமிஷத்துக்கு 80 தட்டு லயம்னு வெச்சுக்கோங்க. மிருதங்கத்துல விழுற ஒவ்வொரு அடியையும் சொல்னுதான் சொல்லுவோம். சதுரச்ர நடையில தட்டுக்கு நாலு சொல் விழுந்தா ரெண்டு சொல்லுக்கு நடுவுல 0.19 விநாடி. மேல்காலத்துல எட்டு விழுந்தா 0.094 விநாடி. 4.2 விநாடி முழக்கம்னா ஓசை விநாடிக்கு 14 டெசிபல்தான் இறங்கும். அந்த 0.094 விநாடியில இறங்குறது 1.3 டெசிபல். போன சொல்லு அப்படியே நின்னுட்டு இருக்கும்போது அடுத்த சொல்லு வந்து மேல ஏறும். கோர்வை கோர்வையா கேக்காது, ஒரே இரைச்சலா கேக்கும். 1.2 விநாடி அரங்குல அதே இடைவெளியில கிட்டத்தட்ட 5 டெசிபல் இறங்கிடும், அதனாலதான் அங்க சொல்லு பிரிஞ்சு விழுது.

அதனால தனி ஆவர்த்தனம் நாலு நிமிஷத்துக்குள்ள. தட்டுக்கு நாலு சொல்லுக்கு மேல போக வேண்டாம். கும்கியை (இடக்கையால தேய்ச்சு எழுப்புற முழக்கத்தை) குறைச்சுக்கணும், தொப்பியோட, அதாவது இடப்பக்கத்தோட, அடிநாதம் கல்மண்டபத்துல சீக்கிரம் சாகாது. தொப்பியில ஒட்டுற ரவை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கம்மியா. வலப்பக்கமான வலந்தலையில மீட்டுச் சொல் நல்லா நிக்கும், அதை நம்பி வாசிக்கலாம். கடம், கஞ்சிரா சேத்துக்காம இருக்கறதே நல்லது.

கோமதி_சபா
அப்படியானால் உருப்படித் தேர்வும் மாறுமா? விறுவிறுப்பான வர்ணத்தில் தொடங்குவதுதான் வழக்கம்.

வலந்தலை
வர்ணத்தை விட்டுடுங்கம்மா. விருத்தத்துல ஆரம்பிங்க. தாளம் இல்லாததால பாடறவர் மண்டபத்தோட வால் எவ்வளவு நீளம்னு தொண்டையாலயே அளந்துக்குவார். ஒரு சங்கதி பாடி ரெண்டு விநாடி நிறுத்தினா முழக்கம் 28 டெசிபல் இறங்கிடும், அடுத்த சங்கதி சுத்தமா விழும். சௌக்க கால (மெதுவான) கிருதி ரெண்டு, நடுவுல ஒரு மத்யம காலம் (நடுவேகம்). கல்பனாஸ்வரம் கீழ்க்காலத்தோட போதும். இன்னொண்ணு: பிருகா சாரீரம் (வேகமா உருளுற குரல்) உள்ளவங்களைவிட, கார்வை நிறுத்தி, அதாவது ஸ்வரத்தை நீட்டிப் பாடறவங்களுக்குத்தான் இந்த இடம். யார் பாடறாங்கன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இதை யோசிங்க.

மேடைமேஸ்திரி
இடம் போடுவதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். நீளமான மண்டபம் என்றதும் ஒரு கோடியில் மேடை, எதிரே இருபது வரிசை. கடைசி வரிசைக்கு 25 மீட்டர். மேலே ஒலிக்கணக்கு சொன்ன 9 மீட்டரைப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் வெளியே போய்விடுவார்கள்.

நீளச் சுவரின் நடுவில் பாடகரை உட்கார வையுங்கள். எதிரே அரைவட்டமாக நாற்காலி. 9 மீட்டர் ஆரத்தில் அரைவட்டம் 127 சதுர மீட்டர். மேடைக்கும் முன்னிடைவெளிக்கும் 14 கழித்தால் 113. நடைவழியோடு ஒருவருக்கு 0.75 சதுர மீட்டர் வேண்டும். ஆக 150 பேர். 250 என்ற எண்ணை மறந்துவிட்டு இரண்டு காட்சியாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணி.

மேடை 30 முதல் 40 சென்டிமீட்டர் உயரம் போதும், நம் ஆட்கள் சம்மணம் போட்டு உட்காருபவர்கள். 2 × 1 மீட்டர் பலகை ஆறு. உள்ளே வெற்றாக இருந்தால் மிருதங்கத்துக்குக் கீழே அதுவே இன்னொரு தொப்பியாக முழங்கும். அதனால் 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை இரண்டடுக்கு. ஜமுக்காளத்தை உட்காரும் இடத்துக்கு மட்டும் விரியுங்கள். பாடகருக்கு முன்னால் மூன்றடி வெறும் மரமாகவே இருக்கட்டும். அங்கே பட்டுத் திரும்பும் ஓசை முன்வரிசைகளுக்குத் தெளிவைக் கூட்டும். பின்னால் 2.4 மீட்டர் உயரத்தில் தானே நிற்கும் பலகைத் தடுப்பு மூன்று, மேல்பக்கம் ரசிகர்களை நோக்கி லேசாகச் சாய்ந்தபடி. வாத்தியக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்பதற்கே இந்தத் தடுப்பு வேண்டும்.

தரை விஷயம். பழைய மொசைக், பளிங்கு எதுவானாலும் பலகைக் காலுக்கு அடியில் கம்பளித்துணி, அதன்மேல் 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை. கல்லின்மேல் நேரடியாக ஒட்டுநாடா கூடவே கூடாது. பசை கல்லுக்குள் இறங்கினால் எடுப்பது பெரும்பாடு. ஒரு துளைகூடப் போடக்கூடாது. கைப்பிடிச் சுவரில் எதையும் கட்டித் தொங்கவிடக் கூடாது.

ஒலிக்கணக்கு
மேஸ்திரி சொன்ன இடம் சரி. ஆனால் 150 பேராகக் குறைத்தால் உறிஞ்சலும் குறைகிறது: 130 + 67 = 197, நேரம் 5.1 விநாடி. ஈடுகட்ட, தனிச்சட்டத்தில் நிற்கும் தடித்த கம்பளித் திரை 100 சதுர மீட்டர், மடிப்பு இரட்டிப்பாக. பாதியை உறிஞ்சும் என்று வைத்தால் 50 கூடி 4.1 விநாடிக்கு வரும். திரையை ரசிகர்களுக்குப் பின்னாலும் இரு கோடிகளிலும் நிறுத்துங்கள், மேடைக்குப் பின்னால் வேண்டாம். திரை கீழ்ஸ்தாயியை அதிகம் தொடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்; வலந்தலை அவர்கள் தொப்பியைப் பற்றிச் சொன்னது திரை போட்டாலும் மாறாது.

வளைகூரை பற்றி யாரும் பேசவில்லை. வளைவின் மையம் ரசிகர்களின் தலைமட்டத்துக்கு அருகே விழுந்தால் ஓசை அங்கேயே குவியும். மிருதங்கம் இடம் மாறிக் கேட்கும். இணைச்சுவர் இரண்டுக்கும் இடையே 15 மீட்டர், போய்வர 30 மீட்டர், 87 மில்லிவிநாடி. 50ஐத் தாண்டினால் காது அதைத் தனி எதிரொலியாகவே பிரித்துவிடும். கைதட்டி மண்டபம் முழுக்க நடந்தால் கண்டுபிடித்துவிடலாம். அளப்பதற்கு: பார்வையாளர் இல்லாத நேரத்தில் பெரிய பலூன் ஒன்றைப் பாடகர் இடத்தில் உடையுங்கள், கைப்பேசியில் சுருக்காத கோப்பாகப் பதிவு செய்யுங்கள். ஓசை உச்சத்திலிருந்து 5 டெசிபல் இறங்கிய இடத்துக்கும் 25 இறங்கிய இடத்துக்கும் உள்ள நேரத்தை மூன்றால் பெருக்கினால் எதிர்முழக்க நேரம். நாலு இடத்தில் எடுங்கள். பலூன் உடைப்பதைக் காவலர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்!

ஊர்க்குருவி
இவ்வளவு கஷ்டம் எதற்கு? நல்ல ஸ்பீக்கர் இரண்டு வைத்தால் முடிந்தது.

ஒலிக்கணக்கு
முடிந்தது என்பது சரிதான், கச்சேரி முடிந்துவிடும். இரண்டு பெரிய ஸ்பீக்கர் சத்தத்தைச் சுவரிலும் கூரையிலும் கொட்டும், முழக்கமும் அதே அளவு ஏறும். தெளிவு துளியும் கூடாது. மைக் வைத்தே தீரவேண்டும் என்றால் ஒல்லியான தூண் ஸ்பீக்கர், செங்குத்தாகக் குறுகலாகப் பாய்ச்சும் வகை. ஆட்கள் மீது மட்டும் படும்படி, பேச்சுக்குரல் அளவுக்கு மேல் போகாமல். இரண்டாம் ஜோடி 10 மீட்டர் தள்ளி இருந்தால் 29 மில்லிவிநாடி தாமதம் கொடுக்க வேண்டும். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். சப்வூஃபர் பேச்சே வேண்டாம்.

காப்பகத்தான்
சப்வூஃபர் வேண்டாம் என்பதற்கு எங்கள் பக்கத்திலும் காரணம் உண்டு. கண்ணாடித் தட்டில் நிற்கும் சிறு பொருள்கள் கீழ்ஸ்தாயி அதிர்வில் மெல்ல நகரும். ஒரு மாலையில் கண்ணுக்குத் தெரியாது. பல மாலைகளில் விளிம்புக்கு வந்து நிற்கும். ஒத்திகையின்போதே பெட்டிகளைத் தொட்டுப் பாருங்கள், பூட்டும் கண்ணாடியும் கிணுகிணுத்தால் அந்தப் பெட்டியின் பொருள்களுக்கு அடியில் மெழுகோ பிடிப்போ வைக்கச் சொல்லுங்கள்.

ஆனால் கச்சேரியால் வரும் பெரிய ஆபத்து ஓசை அல்ல, ஆள். உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 50 கிராம் நீராவி விடுவார். 150 பேர், இரண்டரை மணி: 18.75 கிலோ தண்ணீர். 6,300 கன மீட்டரில் பரவினால் கன மீட்டருக்கு 3 கிராம். 22 டிகிரியில் காற்று தாங்குவது 19.4 கிராம். ஆக, ஜன்னல் அடைத்த மண்டபத்தில் ஈரப்பதம் 50இலிருந்து 65க்குப் போகும். மணிக்கு ஒருமுறை முழுக் காற்றும் மாறினால் ஏற்றம் 5, 6 புள்ளியோடு நிற்கும். பெரிய அருங்காட்சியகங்கள் பல ஏற்றுக்கொண்ட வரம்பு 40 முதல் 60 சதவீதம், ஒரு நாளுக்குள் ஏற்ற இறக்கம் 10க்குள். மரத்தில் தீட்டிய ஓவியம், தந்தம், தோல் இருந்தால் அதற்கும் கடுமையாகக் கேட்பார்கள். அதனால் இரண்டு காட்சிக்கும் நடுவே ஒரு மணி நேரம் இடைவெளி, கதவு திறந்து, ஆட்களை வெளியே அனுப்பி.

வெளிச்சம்: துணி, காகிதம், நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ் (மேலே விழும் ஒளியின் அளவு), எண்ணெய் ஓவியத்துக்கு 200. மேடைவிளக்கு சிதறி அருகிலிருக்கும் திரைச்சீலை ஓவியத்தில் விழக்கூடாது. எல்.இ.டி. மட்டும்.

இனி நம்மவர்களுக்கு வருத்தம் தரும் பட்டியல். குத்துவிளக்கு ஏற்ற முடியாது. சாம்பிராணி, கற்பூரம் முடியாது. மாலை, உதிரிப்பூ, வெற்றிலை, பழத்தட்டு எதுவும் உள்ளே வராது. பூவோடு வரும் பூச்சி கம்பளியையும் மரத்தையும் தின்னும். தொப்பியில் ஒட்டும் ரவைகூடத் தின்பண்டக் கணக்குதான்: பின்கட்டில் பிசைந்து ஒட்டி, முடிந்ததும் அங்கேயே சுரண்டி மூடிய பையில் வெளியே எடுத்துப் போய்விட வேண்டும்.

வலந்தலை
ரவை நியாயம்தான், ஒத்துக்கறேன். ஈரப்பதம் பத்தி ஒண்ணு: ஈரம் ஏறினா தோல் தளர்ந்து சுருதி இறங்கும். காலி மண்டபத்துல சேத்த சுருதி ஆள் நிறைஞ்சதும் நிக்காது. சுருதி சேக்கத் தட்டுற கல்லும் புல்லும் (மரக்கட்டையும்) மேடையிலயே இருக்கட்டும், ரெண்டாவது உருப்படிக்கு அப்புறம் ஒரு தரம் பாத்துக்கணும்.

பின்னாளில் வீணை வைக்க நினைச்சா ஜாக்கிரதை. அதோட மெட்டு எல்லாம் மெழுகுல பதிஞ்சது, பக்கத்துல சூடான விளக்கு வெச்சா மெழுகு இளகி மெட்டு நகர்ந்துடும். அதோட வீணை நாதம் 9 மீட்டர் போறதே கஷ்டம். புல்லாங்குழல்னா யோசிக்காம வைக்கலாம், கல்மண்டபத்துக்குன்னே பொறந்த வாத்தியம்.

பழங்கட்டடம்
ஆர்கனுக்கும் இதே தலைவலி உண்டு. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சாதாரணக் குழலின் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும் (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு). உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் நாக்குக் குழல்கள் அவ்வளவு நகராது. கூட்டம் சேர்ந்து சூடேறினால் ஒரே வாத்தியத்துக்குள் இரண்டு சுருதி.

கோமதி_சபா
அருங்காட்சியகக் கச்சேரி என்றதும் எல்லோரும் லண்டன் நேஷனல் கேலரியில் போர்க்காலத்தில் நடந்ததைச் சொல்கிறார்களே. அங்கே இந்தக் கட்டுப்பாடெல்லாம் இருந்ததாகத் தெரியவில்லை.

காப்பகத்தான்
அங்கே படமே இல்லையே அம்மா! போர் மூளும் முன்பே ஓவியங்களை வேல்ஸுக்கு ஏற்றிவிட்டார்கள். வெறுஞ்சுவருக்கு நடுவேதான் பியானோ வந்தது.

பழங்கட்டடம்
ஆமாம். மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞர் 1939 அக்டோபர் 10 அன்று தொடங்கினார். பகல் ஒரு மணி, கட்டணம் ஒரு ஷில்லிங். 1946 ஏப்ரல் வரை 1,698 கச்சேரி. குண்டுவீச்சு கடுமையானபோது கீழ்த்தளப் புகலிடத்துக்கு இறங்கிவிட்டார்கள். பொருள் இல்லாத அருங்காட்சியகம் வெறும் மண்டபம். அதை வைத்து அனுமதி கேட்டால் காப்பாளர்கள் சிரிப்பார்கள்.

பொருளோடு இருக்கும் இடங்கள் எந்தப் பக்கம் போயிருக்கின்றன என்று பாருங்கள். பாஸ்டனில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகம் நெடுங்காலம் திரைச்சீலைகள் தொங்கும் அறையிலேயே கச்சேரி வைத்தது. 2012இல் ரென்சோ பியானோ கட்டிய புதுச்சிறகில் தனிக்கூடம் வந்ததும் கச்சேரி அங்கே போயிற்று. நம் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் 1896லேயே அரங்கம் தனிக் கட்டடம். காட்சிக்கூடம் வேறு, மேடை வேறு. மியூசியம் தியேட்டரில் நாடகம் பார்க்கிறவர் சோழர் செப்புத்திருமேனிக்குப் பக்கத்தில் மூச்சுவிடுவதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முறை. ஆனால் கெல்வின்குரோவில் ஆர்கன் ஒலிக்கும்போது சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோகும் என்பதும் உண்மை.

ஊர்க்குருவி
அப்ப கோமதி அக்கா கச்சேரியை ரத்து செய்யணுமா?

மேடைமேஸ்திரி
ஏன் ரத்து? 150 பேர், ஒன்றேகால் மணி, நீளச்சுவரில் மேடை, சௌக்க காலம். தாராளமாக நடக்கும். மண்டபத்தோடு சண்டை போட்டால்தான் தோற்போம்.

கோமதி_சபா
பாடகர் விருத்தத்தில் தொடங்க ஒப்புக்கொண்டார். 150 பேராகக் குறைத்துவிட்டோம். ஒரு கேள்வி பாக்கி: மாலை ஐந்துக்கு அருங்காட்சியகம் மூடும், ஏழுக்கு முதல் காட்சி. இரண்டு மணி நேரத்தில் எல்லாம் ஆகுமா?

மேடைமேஸ்திரி
எட்டுப் பேர் இருந்தால் ஆகும், வரிசை தப்பக்கூடாது. முதலில் தரைவிரிப்பும் பலகையும். பிறகு சிலைகளைச் சுற்றி ஒரு மீட்டர் தள்ளித் தடுப்புக்கயிறு. நாற்காலி உள்ளே வருவதற்கு முன்பே இது நின்றாக வேண்டும், ஏனென்றால் சிலையில் இடிப்பது ரசிகர் அல்ல, நாற்காலி தூக்கி வருகிறவர். அப்புறம் மேடை, திரை, விளக்கு, கடைசியில் நாற்காலி. நாற்காலிகளை வரிசையாக ஒன்றோடொன்று பிணைத்துவிடுங்கள், காலுக்கு ரப்பர் இருக்கிறதா பாருங்கள். நடைவழி 1.2 மீட்டர், எந்தக் கதவும் திரைக்குப் பின்னால் ஒளியக்கூடாது. 6:15க்குள் சுருதி சேர்க்க மண்டபத்தைக் கொடுத்துவிடுங்கள்.

மைக் இல்லாக் கச்சேரியில் எந்தச் சிறு சத்தமும் பெரிதாகும். காற்றோட்ட விசிறியை எந்த வேகத்தில் ஓட்டலாம் என்று காப்பகத்தான் சொன்ன ஈரக்கணக்கையும் பார்த்து முடிவெடுங்கள். நிறுத்தவே நிறுத்தாதீர்கள், குறைத்து ஓட்டுங்கள். சிற்றுண்டிச்சாலைக் குளிர்பெட்டி, காட்சித்திரைகளில் தானாக ஓடும் படங்களின் குரல், கைகாயவைக்கும் இயந்திரம், காவலர்களின் வாக்கி டாக்கி, மணியடிக்கும் கடிகாரம். எல்லாவற்றுக்கும் மேலாக, மூடும் நேர அறிவிப்பு. பல இடங்களில் அது பதிவு செய்த குரல், குறித்த நேரத்துக்குத் தானே ஒலிக்கும். அன்று மாலை அதை நிறுத்தி வைக்கும் ஆளின் பெயரை இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.